வெட்டுப்புள்ளிக்கு அப்பால்

(பாடசாலை நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் இறுதியில் இங்கே உயர்தர உயிரியல் பிரிவில் படித்த வகுப்பின் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டிருந்தது. மருத்துவரான ஒருத்தியை மேடையில் ஏற்றுவது என்று தோழிகள் தீர்மானித்தார்கள். என்ன பேசுவது என்பதை எல்லோரும் தொலைபேசியில் கூடிக் கதைத்துத்தான் முடிவெடுத்தோம். ஆகவே இது ஒரு மருத்துவரின் உரையாக இருந்தாலும், சொல்லப்போவது வகுப்பு முழுவதன் கதை.

எங்கள் வகுப்பில் பதினொரு பேர். 1991 இல் தீவகத்தை விட்டு வெளியேறியபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே தெருவில் இறங்கியபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, போத்தல் விளக்கில் படித்து, உயர்தரம் எழுதினோம். பரீட்சைப் பெறுபேறு வந்தபோது மருத்துவபீடத்துக்குத் தெரிவானவர்கள் இரண்டு பேர். இந்த நாட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் கதை ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளிலும் இப்படித்தான் முடிகிறது. இரண்டு பேருக்கு மாலை. மற்றவர்களிடம், "அடுத்த முறை பார்க்கலாம்" என்கிறோம். அடுத்த முறையும் சரிவராவிட்டால் மூன்றாம் முறை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

விழா மேடைகளில் மருத்துவரையே திரும்பத் திரும்ப ஏற்றுவதும் இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதிதான். வென்ற இரண்டு பேரை எல்லோருக்கும் தெரியும். மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள்? எங்கள் வகுப்பில் இருவர் ஆசிரியைகள். ஒருவர் வங்கியில், ஒருவர் விவசாயத் திணைக்களத்தில், ஒருவர் தாதி. இருவர் திருமணமாகி வெளிநாட்டில் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். மீதி இரண்டு பேர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் போன வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலாமவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். திருமணமாகி ரொறன்ரோ போனார். அங்கே விலங்கியல் பட்டத்துக்கு வேலை கிடைக்கவில்லை. கோப்பிக் கடையில் நின்றுகொண்டே மாலை வகுப்பில் மென்பொருள் பரிசோதனை படித்தார். இன்று அவர் வைத்தியசாலைகளுக்கான மென்பொருளைப் பரிசோதிக்கிறார். ஒருமுறை, குழந்தைகளின் நிறையைப் பதியும் பக்கமொன்று அவர் கைக்கு வந்தது. அந்த நாட்டில் பெற்றோர் குழந்தையின் நிறையை இறாத்தலில் சொல்வார்கள்; மருந்தின் அளவை மருத்துவர் கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணிப்பார். அந்தப் பக்கத்தில் அலகு எது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கணினியைப் பொறுத்தவரை இருபது என்றால் இருபதுதான். எங்கள் தோழிக்கோ, இருபது இறாத்தல் குழந்தைக்கு இருபது கிலோவுக்குரிய மருந்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். வெளியீட்டை நிறுத்தி வைத்து அந்தப் பக்கத்தைத் திருத்துவித்தார். "விடைக்கு அலகு போடாவிட்டால் புள்ளி இல்லை என்று பௌதிகவியல் ரீச்சர் சிவப்புப் பேனையால் கீறியதுதான் நினைவுக்கு வந்தது" என்று எங்களிடம் சொன்னார்.

இரண்டாமவருக்குப் பல்கலைக்கழக அனுமதியே கிடைக்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. எந்தப் பிரிவில் உயர்தரம் படித்தவருக்கும் அதில் வாசல் இருந்தது. கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கி, பகலில் வேலை பார்த்து, இரவில் படித்துப் பட்டம் பெற்றார். இப்போது யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலிருந்தே மருந்துப் பரிசோதனைகளின் தரவுகளை ஒழுங்குசெய்யும் வேலை பார்க்கிறார். குருதிப் பரிசோதனை அறிக்கையில் எந்த எண் இயல்பானது, எந்த எண் தட்டச்சுப் பிழை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விஞ்ஞானம் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போவது தோற்றவர்களின் பின்வாசல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக அந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிரான்சிஸ் அலன் என்ற அமெரிக்கப் பெண் கணித ஆசிரியை. படிப்புக்கு வாங்கிய கடனைக் கட்டுவதற்காக 1957 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். கடன் முடிந்ததும் பாடசாலைக்குத் திரும்புவதுதான் அவருடைய எண்ணம். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலையும் படிப்பித்தல்தான்: போட்ரான் என்ற புதிய கணினி மொழியை அங்கிருந்த விஞ்ஞானிகளுக்குக் கற்பிப்பது. 45 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் வேகமாக ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் முறைகளில் அவர் செய்த வேலைக்காக 2006 ஆம் ஆண்டுக்கான ரூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் மிக உயர்ந்த அந்த விருதைப் பெற்ற முதற் பெண் அவர்.

மார்கிரட் டேஹொவ் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தங்கச்சிமாரே, உயிரியலில் நீங்கள் படிக்கும் அமினோ அமிலங்களை ஒவ்வோர் எழுத்தால் குறிக்கும் வழக்கம் அவர் கொண்டுவந்தது. புரதங்களின் அமினோ அமில வரிசைகளைக் கணினியால் ஒப்பிடுவதற்கு, மூன்றெழுத்துச் சுருக்கங்களைவிட ஓரெழுத்து வசதியாக இருந்தது. அவரும் சகாக்களும் 1965 இல் வெளியிட்ட புரத வரிசைத் தொகுப்பு இன்றைய உயிரியல் தரவுத்தளங்களுக்கெல்லாம் முன்னோடி.

எங்கள் நாட்டையே எடுத்துக்கொள்வோம். இலங்கையின் தகவல் தொழில்நுட்பத் தந்தை என்று போற்றப்படும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க, இலண்டனில் கோட்பாட்டுப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2002 இல் உருவானபோது அதன் முதற் பணிப்பாளரும் அவரே. தமிழுக்கு வந்தால், கணினியில் தமிழ் எழுத்துருக்கள் அரிதாக இருந்த காலத்தில் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கியவர் கலாநிதி கு. கல்யாணசுந்தரம். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு வழிகாட்டியவரும் அவரே. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் பார்த்த வேலை இரசாயன ஆராய்ச்சி. நூலகம் எரிந்த ஊரிலே பிறந்தவர்கள் நாங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களைத் திரையில் பார்க்கும்போது, இப்படித் தங்கள் துறைக்கு வெளியே வந்து உழைத்தவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

இவர்கள் எல்லோருக்கும் கணினி வருவதற்கு முன்பே ஒரு கேள்வி கையில் இருந்தது. கணினி பிறகுதான் வந்தது. விஞ்ஞானம் படித்த பிள்ளைக்குக் கைமுதல் அதுதான். அதுபோக, ஆய்வுகூடத்தில் நீங்கள் பழகும் பல விடயங்கள் வேறு பெயரில் மென்பொருளிலும் இருக்கின்றன.

இலைகளையும் பூச்சிகளையும் வகைப்படுத்த இணைக்கவர்ச் சுட்டி எழுதுகிறீர்கள். சிறகு உண்டு என்றால் இரண்டாம் படிக்குப் போ, இல்லை என்றால் மூன்றாம் படிக்குப் போ. ஒரு நிரலும் இப்படித்தான் கிளைவிட்டுப் போகிறது. இரசாயனவியலில் பெயர் தெரியாத உப்பைத் தருகிறார்கள். நீங்கள் ஒரே நேரத்தில் எல்லாச் சோதனைப் பொருளையும் ஊற்றுவதில்லை. ஒன்றைச் செய்து, கண்டதை எழுதி, அடுத்ததைச் செய்கிறீர்கள். நிரலில் வழுவைத் தேடும் முறையும் அதுவே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள், நடந்ததை எழுதிவை. இதைப் பழகாமல் கணினியில் கைவைப்பவர்கள் ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் சரிவந்தது என்று தெரியாமல் இருப்பார்கள்.

மருத்துவர்களாகிய எங்களை நெடுங்காலம் யோசிக்கவைத்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இயந்திரம். அதைக் கட்டுப்படுத்தியது மென்பொருள். 1985 க்கும் 1987 க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அந்த இயந்திரத்திலிருந்து அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பெற்றார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒருவர் இப்படிப் பாதிக்கப்பட்டபோது, தயாரித்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையை அவர்களால் மீண்டும் உண்டாக்க முடியவில்லை. இயந்திரம் சரி என்றார்கள். ஏப்பிரலில் அதே இடத்தில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார்.

பிரிட்ஸ் ஹேகர் என்பவர் அந்த நிலையத்தின் பௌதிகவியலாளர். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதை இயக்கிய பெண்ணையும் அருகில் இருத்தி, அன்று செய்ததை அன்று செய்தபடியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒருகட்டத்தில் அதே பிழைச்செய்தி திரையில் வந்தது. சிகிச்சை வகையைத் தவறாக அடித்துவிட்டு, சில விநாடிகளுக்குள் வேகமாகத் திருத்தினால் மட்டும் அந்த வழு வெளிப்படும். வந்து பார்த்த பொறியியலாளர்கள் மெதுவாகத் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள். தினமும் அதே வேலையைச் செய்யும் பெண்ணின் விரல்கள் வேகமானவை. இதைக் கண்டுபிடிக்க, பரிசோதனையை அதே நிபந்தனைகளில் மீளச் செய்ய வேண்டும் என்ற விஞ்ஞானப் பழக்கமும், அந்த அறையில் உண்மையில் எப்படி வேலை நடக்கிறது என்ற அறிவும் தேவைப்பட்டன.

இனி எங்கள் கரைக்கு வருவோம். நெடுந்தீவில் ஒரு கர்ப்பவதியைப் பதிவுசெய்யும் மென்பொருளை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீவைத் தெரியாத ஒருவர் எழுதினால் என்னென்ன தவறும்?

முதலில் பெயர். படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. திருமணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர். ஒரே பெண் இரண்டு நோயாளிகளாகப் பதியப்படுவார். பழைய பதிவில் இருந்த ஒவ்வாமைக் குறிப்பு புதிய பதிவில் இராது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் பழக்கம் வேறு இருக்கிறது.

அடுத்தது திகதி. இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டினால் பிரசவத் திகதி வரும். கணக்குச் சுலபம். ஆனால் அந்த நாள் நினைவில்லாத அம்மாமார் எத்தனையோ பேர். திகதியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாத மென்பொருளில், அலுவலர் ஏதோ ஒரு திகதியைப் போட்டுவிட்டு நகர்வார். அந்தப் பொய்த் திகதி அதன்பிறகு உண்மையாகிவிடும். கிளினிக்கில் நின்றவர் எழுதினால், "நினைவில்லை, ஸ்கானின் படி மதிப்பிட்டது" என்று ஒரு தெரிவு வைப்பார்.

மூன்றாவது கடல். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வள்ளப் பயணம். கார்த்திகை, மார்கழிக் காற்றில் கடல் கொந்தளித்தால் குமுதினியோ மற்றப் படகுகளோ ஓடாத நாட்களும் வரும். ஆகவே பிரசவத் திகதியை மட்டும் காட்டும் மென்பொருள் எங்களுக்குப் போதாது. "இந்த அம்மாவை எந்தத் திகதிக்கு முன் அக்கரை சேர்க்க வேண்டும்" என்று குடும்பநல உத்தியோகத்தருக்கு அது நினைவூட்ட வேண்டும். இந்த ஒரு வரியை எழுத நிரலாக்கம் அதிகம் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கடலைத் தெரிந்திருக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரியும்.

இது கனவு என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டின் மருத்துவர்கள் ஏற்கெனவே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009 இல் உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிக் கற்கையைத் தொடங்கியது. மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்குத் தரவுத்தளமும் மென்பொருளும் படிப்பிக்கும் கற்கை அது. 2020 ஜனவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடர ஒரு முறைமை சுகாதார அமைச்சுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் திறந்த மூல மென்பொருளான டி.எச்.ஐ.எஸ்.-2 ஐ வைத்து, மருத்துவர் பமோத் அமரகோன் உள்ளிட்ட இலங்கைக் குழுவினர் நாட்கணக்கில் அதை அமைத்துக் கொடுத்தார்கள். நாட்டின் முதல் நோயாளி ஜனவரி 27 அன்று கண்டறியப்பட்டார். ஏறக்குறைய அதே நாட்களில் இவர்களின் வேலையும் கைக்கு வந்துவிட்டது. ஒஸ்லோவில் இருந்தவர்கள் அதை முன்மாதிரியாக எடுத்து மற்ற நாடுகளுக்கும் கொடுத்தார்கள். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பல நாடுகள் பயன்படுத்தின. நோர்வேயின் உள்ளூராட்சி சபைகள்கூடத் தொற்றுத் தொடர்புகளைத் தேட அதே மென்பொருளைக் கையில் எடுத்தன. வழக்கமாக அங்கிருந்து இங்கு வரும் கப்பல் அந்த முறை இங்கிருந்து அங்கு போனது.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று தங்கச்சிமார் கேட்பீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும் ஒரு சிறிய நிரலை எழுதுங்கள். பைதன் மொழியில் ஒரு வாரம் பழகினால் போதும்.

எழுதி முடித்ததும் வகுப்பில் எல்லோருடைய இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். சிலருக்குச் சரியாக வரும், சிலருக்கு ஒரு நாள் பிந்தி வரும். ஏன் என்று தேடுங்கள். விடையை நாங்களே சொல்லிவிடுகிறோம்: அட்டையின் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள். 2007 மார்ச் 1 அந்த ஆண்டின் 60 ஆவது நாள். அட்டையிலோ 61, பெண்ணானால் 561. இந்த ஒரு நாள் வித்தியாசத்தைப் பார்த்து, "கணினி பிழை" என்று விட்டுவிடாமல், யாருக்குப் பிழைக்கிறது, யாருக்குப் பிழைக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றினால் இந்தத் தொழில் உங்களுக்குச் சரிவரும்.

அதன்பிறகு படிப்பு. வெளிவாரிப் பட்டங்கள் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்திலேயே நிலையம் வைத்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நிரலாளர் பயிற்சியை இணையவழியில் இலவசமாகத் தருகிறது. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் இங்குள்ள பிள்ளைகளை ஏற்கெனவே துறையில் இருப்பவர்களோடு சேர்த்துவிடுகின்றன. உயர்தர உயிரியலோடு உயிர்விஞ்ஞானப் பட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டாம். புள்ளிவிபரவியலை விருப்பத்தோடு படியுங்கள். ஆர் என்ற மொழியைப் பழகுங்கள். உங்கள் ஆய்வுக்கட்டுரையின் தரவை நீங்களே பகுத்துப் பாருங்கள். "ஆறு மாதத்தில் வேலை நிச்சயம்" என்று இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களைக் கண்டால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்மாவின் காப்பு அடகுக்குப் போவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. ஆங்கிலம் வேண்டும். எங்கள் தோழி ரொறன்ரோவில் முதல் ஆண்டு முழுவதும் அகராதியோடு இருந்தார். நீண்ட நேரம் கதிரையில் இருக்கும் தொழில். கண்ணும் முதுகும் நோகும் என்று மருத்துவராகவும் சொல்லிவைக்கிறோம். இரவில் அமெரிக்காவோடு கூட்டம், காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு என்று இரண்டு பக்கமும் இழுபட வேண்டியும் வரும். வீட்டில் ஆண்கள் கைகொடுக்காவிட்டால் அது நடக்காது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி நிரல் எழுத ஆள் தேவையா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தொடக்கநிலை வேலைகள் சிலவற்றை இயந்திரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அடையாள அட்டை நிரலை அது ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். பெப்ரவரி 29 ஐ அது கவனித்ததா என்று பார்ப்பதற்கு, இலக்கத்துக்கு உரியவர் உண்மையில் எந்த நாளில் பிறந்தார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நிரல் மட்டும் தெரிந்தவருக்கு வருங்காலம் நெருக்கடியானது. உடலையோ மண்ணையோ கடலையோ அறிந்து, நிரலும் தெரிந்தவருக்கு அவ்வளவு பயமில்லை என்று நம்புகிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் முறை பரீட்சை எழுதுவது தவறில்லை. பிள்ளை மனமுவந்து எழுதட்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் அவளை அறைக்குள் பூட்டி, ரியூசனுக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் நடக்கவிட்டு, "டொக்டராகாவிட்டால் என்ன சொல்லுவினம்" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பார்க்கிறோம். தலையிடி என்று வருவார்கள், நித்திரை வருகுதில்லை என்று வருவார்கள். பரிசோதனையில் ஒன்றும் இராது. என்ன படிக்கிறீர் என்று கேட்டால் அழுவார்கள். ஒரு புள்ளியாலோ அரைப் புள்ளியாலோ தவறிய பிள்ளைக்கு மூளை குறைந்துவிடவில்லை. வெட்டுப்புள்ளி என்பது இருக்கும் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் எண். பிள்ளையின் அளவைச் சொல்லும் எண்ணாக அதை யாரும் வகுக்கவில்லை.

கடைசியாக, உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். மண்டபம் கட்டித் தந்தீர்கள், தண்ணீர்த் தாங்கி தந்தீர்கள், பரிசளிப்புக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அதற்கெல்லாம் நன்றி. இந்த நூற்றாண்டில் இன்னொன்றையும் கேட்கிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் சிட்னியிலும் கணினித் துறையில் வேலை செய்யும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தங்கச்சியைப் பொறுப்பெடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் திரையில் சந்தித்து, அவள் எழுதிய நிரலைப் படித்துத் திருத்துங்கள். அவளோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். முதல் நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு பயிற்சி நேர்முகம் வையுங்கள். சங்கம் இங்கே ஒரு மடிகணினியும் இணையக் கட்டணமும் கொடுக்கட்டும். எங்கள் வகுப்பின் இரு தோழிகளும் இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். மருத்துவரான நாங்கள் உயிரியல் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறோம். மூன்றாவது, நான்காவது பெயர்களை இன்று மாலைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் அச்சேறின. நோயாளியின் மொழி தெரியாத மருத்துவரால் இந்த ஊருக்குப் பயனில்லை என்று அவர் கண்டிருந்தார். இன்று எங்கள் கிளினிக்கில் ஓடும் மென்பொருளும் எங்கள் அம்மாமாரின் பெயரையும் திகதியையும் கடலையும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அதை எழுதும் பிள்ளைகள் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கலாம். அவர்களில் யாருக்கும் மருத்துவபீடக் கடிதம் வராமல் போகலாம். அப்போதும் எங்களுக்கு அவர்கள் வேண்டும்.